பலகையைப் படித்தோம், மரத்தைப் பார்த்தோமா?



'நான் சென்ற சுற்றுலா' என்று ஒரு தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். படிவம் 1 மாணவரும் படிவம் 5 மாணவரும் ஏறக்குறைய ஒரே கட்டுரையைத்தான் எழுதுவார்கள். ஆதவன் தன் பொற்கதிர்களைப் பரப்புவான். புள்ளினங்கள் இன்னிசை பாடும். தென்றல் மேனியைத் தழுவும். போன இடம் போர்ட் கிள்ளானா, கேமரன் மலையா, பத்துமலையா என்று கட்டுரையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. மாணவர் போய் வந்தது உண்மைதான். பஸ்ஸில் ஏறினார், வெயிலில் நடந்தார், கைப்பேசியில் நூறு படம் எடுத்தார். ஆனால் அவர் பார்த்தது எதுவும் அவருடைய தமிழுக்குள் வரவில்லை.

இதற்குத் தீர்வாக நம்மில் பலர் மாணவர்களை இயற்கை நடைகளுக்கு அழைத்துப் போகிறோம். வழிகாட்டி ஒருவர் கூட வராமல், ஒரு வரைபடமும் வழியில் நட்டிருக்கும் பலகைகளும் துணையாக, நாமே நடந்து பார்க்கும் பாதைகளைச் சொல்கிறேன். செலவு குறைவு, நேரமும் நம் கையில். நல்ல முயற்சி. ஆனால் அந்தப் பாதைகளையும், அவற்றுக்காக நாம் தயாரிக்கும் பயிற்சித்தாள்களையும் யாராவது ஒரு பனுவலைப் போல விமர்சித்திருக்கிறோமா? கவிதையை எடுத்தால் யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்று கேட்கிறோம். பலகையிடமும் அதையே கேட்கலாம். கூடவே இன்னொரு கேள்வி: படித்த பிறகு இது நம்மை என்ன செய்ய வைக்கிறது? நிமிர்ந்து மரத்தைப் பார்க்க வைக்கிறதா, குனிந்து நோட்டில் எழுத வைக்கிறதா?

இந்த இரண்டு கேள்விகளோடு மூன்று நடைகளைப் பார்ப்போம்.

கிள்ளான்: கட்டடம் தெரிகிறது, ஆறு தெரியவில்லை

கிள்ளான் அரச நகரின் பாரம்பரிய நடையை வழிகாட்டியோடும் போகலாம், வரைபடத்தை வைத்துக்கொண்டு தனியாகவும் போகலாம். 1909இல் கட்டிய சுல்தான் சுலைமான் கட்டடம், ராஜா அப்துல்லா கிடங்கு, மசூதி, தேவாலயம், தெங்கு கிளானா சாலைக் கடைத்தெரு என்று கண்ணுக்கு நிறைய இருக்கிறது. யார் கட்டினார், எந்த ஆண்டு, எந்தப் பாணி என்ற விவரமெல்லாம் ஒழுங்காகக் கிடைக்கும்.

குறை என்னவென்றால், இந்த ஊர் ஏன் இங்கே இருக்கிறது என்ற கேள்வி எழுவதே இல்லை. கிள்ளான் ஒரு துறைமுக நகரம். அதன் பழைய துறைமுகம் கடலில் இல்லை, ஆற்றுக்குள்ளே இருந்தது. 1886இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை ரயில் வந்தது. 1890இல் பாலம் கட்டி ஆற்றைக் கடந்து கிள்ளானுக்கு வந்தது. பெரிய கப்பல்கள் அந்த வளைந்த ஆற்றுக்குள் ஏறி வர முடியாததால், கழிமுகத்திலேயே புதிய துறைமுகம் கட்டி 1901இல் திறந்தார்கள். அதுதான் போர்ட் சுவெட்டன்ஹாம், இன்றைய போர்ட் கிள்ளான். ஆக, ஊர் எங்கே இருக்க வேண்டும், துறைமுகம் எங்கே நகர வேண்டும் என்று முடிவு செய்ததில் ஆற்றுக்கும் சேற்றுக்கும் பெரிய பங்கு உண்டு. நடையில் அவை வெறும் பின்னணிப் படமாக நிற்கின்றன.

புதிய துறைமுகத்தின் கதையில் சதுப்புநிலமே முக்கியப் பாத்திரம். திறந்த சில மாதங்களுக்குள் அங்கே மலேரியா கடுமையாகப் பரவியது. அதே ஆண்டு கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், வடிகால் வெட்டிச் சதுப்பை உலர்த்தச் சொன்னார். காட்டை அழித்து நீரை வடித்தார்கள், நோய் குறைந்தது. கொசு ஒழிப்பு வரலாற்றில் இன்றும் கிள்ளான் பேசப்படுவது இதனால்தான். பிறகு இன்னொன்றும் தெரிய வந்தது. மலைச்சரிவில் காட்டை வெட்டினால், வெயில் படும் ஓடைகளில் வேறொரு வகைக் கொசு பெருகியது. ஒரே வேலை ஒரு நிலத்தில் உயிரைக் காத்தது, இன்னொரு நிலத்தில் நோயைக் கொண்டுவந்தது.

சதுப்புக் காடு நல்லது, அதைக் காப்போம் என்று மட்டும் எழுதும் பலகையைவிட இந்தக் கதை மாணவரை அதிகம் யோசிக்க வைக்கும். கண்டல் காட்டை வெட்டியவர்கள் எல்லாரும் பேராசைக்காரர்கள் இல்லை, பயந்தவர்களும் இருந்தார்கள். வாதக் கட்டுரைக்கு இதைவிட நல்ல பொருள் எங்கே கிடைக்கும்?

புக்கிட் நானாஸ்: பெயர்களின் காடு

கோலாலம்பூர் நடுவில் இருக்கும் புக்கிட் நானாஸ் காடு 1906இலேயே பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது. அப்போது சுமார் 17 ஹெக்டர், இப்போது சுமார் 9 ஹெக்டர். மரங்களில் பெயர்ப் பட்டை மாட்டியிருக்கிறார்கள். மலாய்ப் பெயர், அறிவியல் பெயர், குடும்பம்.

பெயர் தெரிவது நல்லதுதான், ஆனால் அது அகராதியின் வேலை. அகராதியை யாரும் முதல் பக்கத்திலிருந்து ரசித்துப் படிப்பதில்லை. இருபது பெயர்களைக் கடந்து போன மாணவரிடம் வெளியே வந்ததும் கேட்டுப் பாருங்கள், ஒன்றுகூட நினைவில் இருக்காது.

கதை இல்லாமலா? அதே குன்றில் 421 மீட்டர் உயரக் கோபுரத்தைக் கட்டும்போது, அங்கே நின்ற நூறு வயது ஜெலுத்தோங் மரம் ஒன்றை வெட்டாமல், 4 லட்சத்து 30 ஆயிரம் ரிங்கிட் செலவில் அதைச் சுற்றித் தடுப்புச் சுவர் எழுப்பிக் காப்பாற்றினார்கள். ஜெலுத்தோங் மரமும் பால் வடிக்கும். அந்தப் பால் ஒரு காலத்தில் சூயிங்கம் செய்யப் போனது. நம் மாணவர்களின் தாத்தா பாட்டிகளில் எத்தனை பேர் தோட்டத்தில் 'பால்மரம்' சீவியவர்கள்! "இதுவும் ஒரு பால்மரந்தாம்பா, ஆனா ஒங்க தாத்தா சீவுன மரம் இல்ல" என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்த மரம் மறக்காது. பாட்டியிடம் போய் மாணவர் ஏதாவது கேட்பார். நமக்கு வேண்டியது அந்தக் கேள்விதான்.

கோல சிலாங்கூர்: பாதையே பேசுகிறது

மூன்றில் சிறந்தது கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா. கிள்ளானிலிருந்து கொஞ்சம் வடக்கே போக வேண்டும். 1987இல் உருவானது. மலேசிய இயற்கைக் கழகம் இதில் முன்னின்றது. இங்கே பலகைகளைவிடப் பாதை நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்பேன். புக்கிட் மலாவாத்தி குன்றின் அடியில் தொடங்கி, காடு, குளம், கரை, கண்டல், கடைசியில் சேறும் கடலும் என்று நிலம் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறுகிறது. காலடியில் மண் மாறுவதை மாணவரே உணர்வார். சேற்றுக்கு மேல் எழும் மூச்சுவேர்களைப் பார்ப்பார். மரத்திலேயே முளைத்து, ஈட்டி போலத் தொங்கிச் சேற்றில் விழும் கண்டல் விதையைப் பார்ப்பார். யாரும் விளக்காமலேயே கேள்வி வரும். (பலகைப் பாதை திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.)

இப்படி ஒரு நடையில் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், எல்லா மரத்துக்கும் வேரு கீழ போவுது, இதுக்கு மட்டும் ஏன் மேல வந்து நிக்குது? மூச்சு முட்டுதா?" அவள் கட்டுரையில் அந்தக் கேள்வி இல்லை. "இயற்கை அன்னையின் எழிலைக் கண்டு மெய்சிலிர்த்தேன்" என்று இருந்தது. அவள் வாயில் வந்த தமிழ் மரத்தைப் பார்த்தது. தாளில் வந்த தமிழ் எதையும் பார்க்கவில்லை. இந்த இடைவெளிக்கு மாணவியைக் குறை சொல்ல முடியாது. எழுத்துத் தமிழ் என்றால் இப்படித்தான் என்று அவளுக்குக் காட்டியது வகுப்பறைதான்.

நம் பயிற்சித்தாள்கள்

இந்த இடங்களில் நான் படித்த பலகைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தன. அவை தங்கள் வாசகரிடம் பேசுகின்றன, அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தமிழ் மாணவரிடம் பேச வேண்டியது நாம் கொடுக்கும் தாள். அது என்ன கேட்கிறது? 'இந்த மரத்தின் பெயர் என்ன? இது எந்தக் குடும்பத்தைச் சார்ந்தது? பூங்கா எந்த ஆண்டு அமைக்கப்பட்டது? இயற்கையைப் பாதுகாக்கும் வழிகள் ஐந்தினை எழுதுக.' நான்கு கேள்விக்கும் விடை பலகையில் அல்லது பாடநூலில் இருக்கிறது. மாணவர் பலகையைப் படம் பிடித்து, பஸ்ஸில் உட்கார்ந்து எழுதிவிடுவார். மரத்தைப் பார்க்காமலேயே முழு மதிப்பெண் கிடைக்கும். அப்படியானால் அந்தத் தாள் எதைச் சோதித்தது?

அடுத்த சிக்கல், பலகையை வரிக்கு வரி மொழிபெயர்ப்பது. தமிழில் ஏற்கெனவே வாழும் பெயர் இருக்கும்போது, அதைத் தேடாமல் நீளமான புதுச்சொல் ஒன்றைக் கட்டிவிடுகிறோம். நம்மைச் சுற்றியுள்ள மரங்களில் எத்தனை நமக்குப் பழைய உறவு என்று பாருங்கள்.

பாக்காவ் என்பது கண்டல். பெனாகா லாவுட் என்பது புன்னை. கடலோரப் பண்டான் என்பது தாழை. சாலையோரம் நிற்கும் தஞ்சோங் மரம் நம் மகிழம். புத்தா-புத்தா என்பது தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான். அதன் அருகே இருக்கும் பிச்சாவரம் சதுப்பில் இன்றும் தில்லை நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். 'புத்தா' என்றால் மலாயில் குருடு. மலாய்க்காரர்கள் அந்த மரத்தின் ஆபத்தைப் பெயராக்கினார்கள், தமிழர்கள் அதே பெயரில் ஒரு கோயிலூரை அழைத்தார்கள். ஒரு மரம், இரு மொழிகள், இரு பார்வைகள். அரை மணி நேரப் பாடம் இதிலேயே இருக்கிறது. (தில்லை இலையை ஒடிக்கவோ தொடவோ விடாதீர்கள்.)

கோலாலம்பூர் வட்டாரச் சாலைகளில் நிற்கும் அங்சானா மரம், சங்கப் பாடல்களின் வேங்கைக்கு நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே பேரினம். அங்சானா பூத்து உதிரும் நாளில் தார்ச்சாலை மஞ்சளாகிவிடும். பாறையில் உதிர்ந்த வேங்கைப் பூ புலியின் வரி போலத் தெரிவதாகப் பழம்பாடல்கள் சொல்வதை, அன்று கார் நிறுத்துமிடத்தில் நின்றே விளக்கலாம். மாலையில் இலை மூடும் பெரிய நிழல்மரத்தை மலாயில் 'புக்குல் லீமா', அதாவது மணி ஐந்து, என்கிறார்கள். தமிழில் தூங்குமூஞ்சி மரம். இருவரும் ஒரே செயலைத்தான் பார்த்திருக்கிறார்கள். மலாக்காவுக்குப் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் மலாக்கா மரம் நம் நெல்லி. அதியமான் ஔவைக்குக் கொடுத்த கனியைத் தெரிந்த மாணவருக்கு, அந்தத் துறைமுக நகரின் பெயரில் அதே மரம் இருப்பது தெரியுமா?

எல்லா மரத்துக்கும் தமிழ்ப் பெயர் இருக்காது. ஜெலுத்தோங், மெராந்தி இங்கேயே வளர்ந்தவை. அவற்றுக்குப் பெயர் கட்டத் தேவையில்லை. மலாய்ப் பெயரையே தமிழில் எழுதினால் போதும். நம் பாட்டிமார் நிப்பா ஓலையால் வேய்ந்த கூரையை 'அத்தாப்பு' என்றும், உயரமாக வளரும் புல்லை 'லல்லான்' என்றும் சொன்னபோது யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அவையும் இந்த மண்ணில் தமிழ் நடந்த தடங்கள்தான்.

நெய்தல் இங்கே ஒட்டுமா?

"திணையைக் கொண்டுவந்து மலேசியாவில் ஒட்டவைப்பது செயற்கையா இருக்காதா?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. திணை என்பது தாவரப் பட்டியல் மட்டும் இல்லை. புன்னையும் கண்டலும் இருப்பதால் மட்டும் போர்ட் கிள்ளான் நெய்தல் ஆகிவிடாது.

ஆனால் நெய்தலின் உரிப்பொருள் என்ன? இரங்கல். கடல் கடந்து போனவருக்காகக் கரையில் நின்று வருந்துவது. தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர் பலர் கால் வைத்த துறைமுகங்களில் போர்ட் சுவெட்டன்ஹாமும் ஒன்று. அவர்களுக்காக அக்கரையில் யார் இரங்கினார்கள்? இக்கரையில் இறங்கியவர் முதலில் பார்த்த மரம் எது? ஊரில் பார்த்த மரம் ஒன்றாவது அங்கே நின்றிருக்குமா? இந்தக் கேள்விகளோடு நடந்தால் திணை ஒட்டவைத்ததாக இருக்காது. குறிஞ்சிப் பூவை நானும் பார்த்ததில்லை, என் மாணவர்களும் பார்த்ததில்லை. ஆனால் அதைத் தேர்வுக்கு மனனம் செய்கிறோம். பஸ் ஏறினால் போய்ப் பார்க்கக்கூடிய கண்டலை விட்டுவிடுகிறோம். இப்படியே போனால் தமிழ் என்பது வேறொரு நாட்டின் நிலத்தைப் பேசும் மொழி, நான் வாழும் இடத்தைப் பேச மலாயும் ஆங்கிலமும் இருக்கின்றன என்றுதான் மாணவர் முடிவு செய்வார். பல வீடுகளில் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள்.

நற்றிணையின் 172ஆம் பாடலை நினைத்துப் பாருங்கள். சிறுவயதில் விளையாட்டாக மணலில் புதைத்த புன்னை விதை முளைத்து மரமாகிவிடுகிறது. அது உன் உடன்பிறந்தவள் என்று தாய் சொல்லியிருக்கிறாள். அதனால் அந்த மரத்தடியில் நின்று காதலனோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறது, வேறு நிழல் பார்ப்போம் என்று பேச்சு போகிறது. அந்தப் பாடல் புன்னையின் குடும்பப் பெயரைச் சொல்லவில்லை, புன்னையைக் குடும்பத்தில் சேர்த்துவிட்டது. ஒரு நடைத்தாள் இந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. மரத்துக்கும் மாணவருக்கும் இடையே ஏதோ ஒன்றைத் தொடங்கி வைத்தால் போதும்.

ஒரு மாற்றுத் தாள்

குறை சொல்லிவிட்டு நிறுத்துவது அழகில்லை. கிள்ளானுக்கு ஏற்ற கேள்விகள் சிலவற்றைக் கீழே தருகிறேன். எதற்கும் விடை பலகையில் கிடைக்காது.

1. கோத்தா பாலத்தின் கீழ்த்தளம் நடப்பவர்களுக்காகவே கட்டப்பட்டது. அந்தப் பக்கம் ஆற்றோரம் நின்று, மிதக்கும் இலை ஒன்றைக் கவனி. நீர் எந்தப் பக்கம் போகிறது? சில மணி நேரம் கழித்து மறுபடியும் பார். மாறியிருந்தால் ஏன்? ('ஓதம்' என்ற சொல்லை இதற்குப் பிறகு சொல்லிக்கொடுங்கள், முன்னால் வேண்டாம்.)

2. தெங்கு கிளானா சாலையில் பூக்கடை அண்ணனிடமோ அக்காவிடமோ கேள்: "அக்கா, இந்தப் பூவெல்லாம் எங்கேருந்து வருது?" எந்தப் பூ இங்கே பூத்தது, எது தூரத்திலிருந்து வந்தது? அவர்கள் சொன்னதை அவர்கள் பேச்சிலேயே எழுது.

3. ஒரு மரத்தடியில் ஐந்து நிமிடம் நில். பெயர் எழுதாதே. பட்டை, நிழல், வாசம், எறும்பு, குப்பை என எது கண்ணில் பட்டாலும் எழுது. 'அழகு', 'எழில்', 'பசுமை' ஆகிய மூன்று சொற்களுக்கும் இன்று விடுமுறை.

4. அந்த மரத்தைப் பற்றி வீட்டில் வயதான ஒருவரிடம் கேள். அவர் அதை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்?

5. இந்த இடத்தில் முன்பு என்ன இருந்திருக்கும்? எதை வைத்துச் சொல்கிறாய்?

பஸ் செலவுக்கு வழியில்லாத பள்ளிகளுக்கும் இது பொருந்தும். பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற பெயரே மண்ணைப் பற்றியது. 1881இல் தீயாலும் வெள்ளத்தாலும் பாதிக்கப்பட்ட கோலாலம்பூரைச் செங்கல்லால் திரும்பக் கட்டியபோது, அதற்கான சூளைகள் இங்கே இருந்தன. அங்குள்ள மாணவர் ஐந்தாம் கேள்வியைத் தெருவில் நின்றே தொடங்கலாம். கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏறினால் மாறாமல் கிள்ளானுக்கும், கடைசி நிலையமான போர்ட் கிள்ளானுக்கும் போகலாம். கோலாலம்பூர் என்ற பெயருக்கே சேறு கலந்த ஆற்றுச் சந்திப்பு என்று பொருள் சொல்வார்கள். சேற்றில் தொடங்கிச் சேற்றில் முடியும் அந்தப் பயணம் முழுதும் சன்னலோரம் ஒரு பாடம்தான்.

"இதுக்கெல்லாம் நேரம் எங்க? எஸ்.பி.எம். வருது" என்பீர்கள். மூன்றாம் கேள்விக்குப் பள்ளி வளாகத்தில் ஒரு மரமும் ஒரு பாடவேளையும் போதும். தேர்வில் கேட்கப்படுவதும் பார்த்ததை ஒழுங்காகச் சொல்லும் தமிழ்தானே. மாணவர் பேச்சுத் தமிழில் எழுதி வந்தால் உடனே சிவப்பு மையால் திருத்திவிடாதீர்கள். முதலில் பார்த்தது பதிவாகட்டும். "வேரு மேல வந்து நிக்குது" என்பதை "வேர்கள் சேற்றுக்கு மேல் எழுந்து நிற்கின்றன" என்று மாற்றுவது அடுத்த வகுப்பின் வேலை, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். எதையும் பார்க்காத ஒரு வரியைத் திருத்தி, அதற்குள் ஒரு மரத்தைக் கொண்டுவருவதுதான் கடினம்.

இந்தத் தாளை உங்கள் வட்டாரத்துக்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்துங்கள். மாணவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் மரப் பெயர்களை மட்டும் தவறாமல் குறித்து வையுங்கள். அந்தப் பெயர்களைத் தெரிந்த பாட்டிமார் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகிறார்கள்.